வரைபடத்தில் வெள்ளையாக விட்ட இடம்: திருகோணமலையின் நகரத் திட்டம் வரைவோருக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலையின் புதிய நகர அபிவிருத்தித் திட்டத்தை ஆக்கிக்கொண்டிருக்கும் அதிகாரிகளுக்கும், அவர்களுக்காகப் படம் கீறும் கட்டடக் கலைஞர்களுக்கும்:

மக்கள் பார்வைக்கென்று நீங்கள் சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தின் முன்னால் அரை மணித்தியாலத்துக்கு மேல் நின்றேன். குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், சுற்றுலாவுக்குச் செம்மஞ்சள் என்று நிறம் தீட்டியிருந்தீர்கள். உப்புவெளிப் பக்கம் எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் கிடக்கும் தாழ்நிலத்துக்கு மட்டும் நிறம் இல்லை. அதன் குறுக்கே புள்ளிக்கோட்டில் ஒரு புது வீதி, வீதியின் இரு பக்கமும் 'கலப்பு அபிவிருத்தி' என்ற எழுத்து. நிறக்குறிப்பில் வெள்ளைக்கு நேரே போட்டிருந்த பெயர்: வெற்றுக் காணி.

பக்கத்தில் நின்ற இளம் உத்தியோகத்தரிடம், "தம்பி, இது என்ன இடம் எண்டு தெரியுமா?" என்று கேட்டேன். "அங்க ஒண்டும் இல்லை ஐயா, சும்மா கிடக்கிற காணி" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அவரில் பிழை இல்லை, படம் அவருக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. படத்தைக் கீறியவர்களோடுதான் எனக்குப் பேச்சு.

நான் 34 வருடம் படவரைஞனாக இருந்தவன். கோடு கீறித்தான் பிள்ளைகளைப் படிப்பித்தேன். ஒரு படத்தில் எதைப் போடுகிறார்கள் என்பதைவிட எதை விடுகிறார்கள் என்று பார்ப்பது எங்கள் தொழிலின் பழக்கம்.

எங்கள் ஊர்ப் பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உப்புவெளி, நிலாவெளி, மனையாவெளி, மட்டிக்களி, உப்பாறு, பாலையூற்று. பெயர் வைத்தவர்கள் நகரத் திட்டம் படித்தவர்கள் இல்லை. எங்கே உப்புப் பூக்கும், எங்கே களிக்குள் மட்டி கிடக்கும், எங்கே ஊற்று இருக்கும் என்று பின்னால் வருகிறவனுக்குச் சொல்லிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 'வெளி' என்றால் ஒன்றும் இல்லாத இடம் என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்வதில்லை. வயல்வெளி என்றால் அங்கே நெல் நிற்கும். உப்புவெளி என்றால் கடலும் மழையும் மாறிமாறி வந்து தங்கிப் போவதற்கு விட்ட நிலம். வெளி என்பதை நீங்கள் வெற்று என்று வாசித்துவிட்டீர்கள், திட்டத்தின் மற்றப் பிழைகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பிரதேசச் செயலகப் பிரிவின் பெயரே 'பட்டினமும் சூழலும்'. பழைய நிர்வாகச் சொல் ஒன்றுக்கு யாரோ செய்த தமிழ் அது. பட்டினமும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் என்பதுதான் அவர் நினைத்த பொருளாக இருக்க வேண்டும். எனக்கு அந்தப் பெயரில் ஒரு தனிப் பிரியம். இரண்டு 'உம்' போட்டு இரண்டையும் ஒரே தட்டில் வைத்திருக்கிறார் அந்த மனிதர். உங்கள் படத்தில் பட்டினம் மட்டும் இருக்கிறது, 'உம்' இல்லை.

சரி, அந்த வெள்ளை நிலத்துக்கு வருகிறேன். ஆடி மாதத்தில் வந்து பார்த்தால் அது சும்மா கிடக்கிற காணிதான். கச்சான் காற்றில் புழுதி பறக்கும். மண் வெடித்து, ஓரங்களில் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடுவார்கள். உங்கள் அளவையாளர்கள் அந்த நேரத்தில்தான் வந்திருக்க வேண்டும். ஐப்பசி பிறந்து வாடை திரும்பியதும் அதே நிலம் நீர்நிலை. முதலில் வீதிப் பக்கக் கான்கள் கொண்டுவந்து கொட்டும். பிறகு நிலத்தடியிலிருந்தே கசிந்து ஏறும். கார்த்திகையில் கடல் உயர்ந்து வாய்க்கால் வழியே உள்ளே தள்ளும்போது மேலிருந்து வரும் நீருக்கும் கீழிருந்து வரும் நீருக்கும் சந்திப்பு அங்கேதான். ஓரத்துக் கண்ணா மரங்களின், அதாவது அலையாத்தி மரங்களின், வேருக்குள் இறால் குஞ்சும் மணலை மீன் குஞ்சும் வந்து வளர்ந்து திரியும். மாசி கடந்து வற்றும்போது கொக்குகள் வரிசையாக வந்து பந்தி இருக்கும்.

சில வருடங்களுக்கு முன் அதன் ஒரு மூலையைப் பத்துப் பத்துப் பேர்ச்சாகப் பிரித்து விற்றார்கள். டிப்பர் டிப்பராகக் கிரவல் வந்தது. மூன்றடி உயர்த்தினார்கள், சுற்றி மதில் கட்டினார்கள், மதிலின் அத்திவாரம் பழைய மதகின் வாயை அடைத்தது. அந்த மாரியில், நான் அங்கே குடியிருக்கத் தொடங்கிய நாள் முதல் நடக்காத ஒன்று நடந்தது. இரவு இரண்டு மணிக்கு மனைவி எழுப்பினார். கட்டிலுக்குக் கீழே செருப்பு மிதந்துகொண்டிருந்தது. அரிசி வாளியையும் பிள்ளைகளின் படங்களையும் அலுமாரி மேல் ஏற்றினோம். விடிய எழுந்து பார்த்தால் மலக்குழியும் கிணறும் ஒரே நீர்மட்டத்தில் நின்றன. அந்தக் கிணற்றிலிருந்து மூன்று மாதம் குடிக்கவில்லை. முறையிடப் போன ஒரு கந்தோரில் அது தங்கள் எல்லைக்குள் வராது என்றார்கள். அடுத்த கந்தோரில் நிரப்பியவருக்கு அனுமதி இருக்கிறதே என்றார்கள். மூன்றாவது கந்தோரில் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்ததன் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது.

படவரைஞனுக்குக் கணக்கு விடாது, அதனால் இதையும் போட்டுப் பார்த்தேன். பத்துப் பேர்ச் என்பது ஏறத்தாழ 253 சதுர மீற்றர். வடகீழ்ப் பருவக்காற்று வலுக்கும்போது ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் மழை எங்களுக்குப் புதிதல்ல. அந்த ஒரு வளவில் மட்டும் விழும் நீர் 25,000 லீற்றர், அதாவது ஐயாயிரம் லீற்றர் பவுசரில் ஐந்து. அந்த வளவு கிரவலும் கொங்கிறீட்டும் ஆகிவிட்டால் அந்த ஐந்து பவுசரும் பக்கத்து வளவுக்குப் போகும், பக்கத்து வளவு எங்களுடையது. மறுபக்கம், தாழ்நிலத்தில் ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நீர் நின்றால் 12 லட்சம் லீற்றருக்கு மேல். இவ்வளவு நீரைப் பிடித்துவைத்து மெதுவாக விடுவதற்கு ஒரு தொட்டி கட்டுங்கள் என்று கேட்டால் நீங்கள் எத்தனை கோடிக்கு மதிப்பீடு போடுவீர்கள்? அதைச் சம்பளம் இல்லாமல் செய்கிற நிலத்தைத்தான் வெற்று என்கிறீர்கள்.

இனி உங்கள் படத்தின் ஓரம். நகர எல்லைக் கோட்டோடு படம் முடிகிறது, அதற்கு அப்பால் வெறும் தாள். எங்கள் வீட்டுக் குழாயைத் திறந்தால் வருவது கந்தளாய்க் குளத்து நீர். குளம் இங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர். அந்தக் குளத்துக்கும் மழை மட்டும் போதவில்லை என்றுதான் மகாவலித் திட்டத்தில் 1976-இல் பொல்கொல்லையில் ஆற்றைத் திருப்பி, மின்னேரியா, கவுடுல்லை வழியாக வரும் தொடருக்குள் நீர் சேர்த்தார்கள். கண்டிக்குப் பக்கத்தில் பெய்த மழையில்தான் உப்புவெளியில் நாங்கள் தேநீர் ஊற்றுகிறோம் என்று சொன்னால் அது மிகை இல்லை. அதே மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி முடிவது எங்கள் கொட்டியாரக் குடாவில். வீடு கட்ட வாங்கும் ஆற்றுமணல் அந்த ஆற்றின் வயிற்றிலிருந்து தோண்டியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலைநாட்டில் கொட்டிய மழை மகாவலி வழியே இறங்கி மூதூர், வெருகல் பக்கத்து ஊர்களை மூழ்கடித்தது. நகரம் எங்கே முடிகிறது என்று அந்த மக்களிடம் கேட்டிருந்தால் உங்கள் தாள் போதாமல் போயிருக்கும்.

உள்ளே வருவதைச் சொன்னேன், வெளியே போவதையும் பார்க்க வேண்டும். கோட்டைக்குள்ளும் கடற்கரை வீதியிலும் திரியும் புள்ளிமான்களைப் பார்க்க வெளியூர்ப் பிள்ளைகள் ஆசையாக வருகிறார்கள். ஒரு காலையில் மீன் வாங்கப் போனபோது ஒரு கொம்பன் மான் குப்பைக்குள் தலையை விட்டு ஒரு சொப்பின் பையை மென்றுகொண்டிருந்ததைக் கண்டேன். வாயிலிருந்து இழுக்கப் பார்த்தேன், விடவில்லை. நகரத்தில் காட்டு விலங்கு வாழ்வதைப் பெருமையாக விளம்பரப் பலகையில் போடுகிறோம், அது என்ன தின்று வாழ்கிறது என்பதற்கு உங்கள் திட்டத்தில் ஒரு வரி இல்லை.

இதெல்லாம் என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. நீங்கள் படித்த பாடத்திலேயே இருக்கிறது. பற்றிக் கெடிஸ் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் உயிரியலாளராக இருந்து நகரத் திட்டத்துக்கு வந்தவர். ஒரு நகரத்தைத் தனியே வரையக் கூடாது, மலையில் தொடங்கிக் கடல் வரைக்கும் ஒரு பள்ளத்தாக்கை நெடுக வெட்டிப் பார், எந்த உயரத்தில் எந்தத் தொழில், எந்த உயரத்தில் எந்த ஊர் என்று பார் என்றார். மேலே மரம் வெட்டுகிறவன், வேடன், இடையன், கீழே உழவன், கடைசியில் கடலோரத்து மீனவன். எனக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இது தெரியாததா? திணை என்பதை நாங்கள் பாட்டுக்கான இலக்கணமாக மட்டும் எடுத்துக்கொண்டோம். நிலமும் பொழுதும் முதல். அதற்குள் கரு, அதாவது மரம், பறவை, தொழில், உணவு. அதற்குப் பிறகுதான் உரி, அதாவது மனிதர் நடத்தை. படம் கீறவும் அதே ஒழுங்குதான் சரி. நீங்கள் உரிப்பொருளில் தொடங்கி, சுற்றுலாப் பயணி எங்கே உலாவுவார் என்று முடிவு செய்துவிட்டு, நிலத்தைக் கடைசியாகத் தேடியிருக்கிறீர்கள்.

கெடிஸ் 1914, 1915-இல் சென்னை மாகாண நகரங்களைச் சுற்றிப் பார்த்தார். மலேரியாவுக்குப் பயந்து குளங்களை மூடிக்கொண்டிருந்த காலம் அது. மூடாதீர்கள், மீனும் வாத்தும் விடுங்கள், நுளம்புக் குடம்பியை அவை தின்னும், குளம் நகரத்தைக் குளிர்விக்கும், வெள்ளத்தையும் வாங்கும் என்று அவர் வாதாடினார். 1921-இல் கொழும்புக்கும் அவர் ஒரு திட்டம் கொடுத்தார். அதற்குப் பிறகு 1969-இல் இயன் மக்ஹார்க் என்ற நிலவடிவமைப்பாளர் ஒரு முறையைப் பரப்பினார். அது எங்களைப் போன்ற படவரைஞர்களுக்கு உடனே விளங்கும். மண் ஒரு தாளில், நீரோட்டம் இன்னொன்றில், சரிவு, காடு, வெள்ளம் தேங்கும் இடம் எல்லாம் தனித்தனி ஒளிபுகும் தாள்களில். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தால் எங்கே கட்டலாம், எங்கே கை வைக்கக் கூடாது என்று தானாகத் தெரியும். இன்று கணினியில் பொத்தானைத் தட்டினால் இது வரும். உங்களிடம் அந்தக் கணினியும் இருக்கிறது, ஆளும் இருக்கிறார்கள். நீர்த் தாளை மட்டும் அடுக்கில் வைக்கவில்லை.

காட்சிக் கூடத்தில் புதிய வீதியோரத்துக்கென்று வரைந்த ஒரு பெரிய வண்ணப் படமும் இருந்தது. ஆறு மாடி, கண்ணாடி முகப்பு, மாடத்துக்கு மாடம் தொங்கும் செடிகள், கீழே 'பசுமைக் கட்டடம்' என்று பெயர். படத்தில் மழை இல்லை. காகம் இல்லை. வலை காயப்போடுகிறவர் இல்லை. சேற்றை நிரப்பி நின்றுகொண்டு தொட்டியில் செடி வளர்ப்பதைப் பசுமை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கச்சான் மாதங்களில் மேற்குக் கண்ணாடி என்ன பாடு படுத்தும் என்பதை அங்கே இருக்கப்போகிறவர் மின்சாரக் கட்டணத்தில் தெரிந்துகொள்வார்.

பழைய பட்டினம் புனிதம் என்றும் நான் சொல்ல வரவில்லை. என் பாட்டனார் கட்டிய வீட்டின் சுவருக்குச் சுண்ணாம்பு, கடலில் எடுத்த முருகைக்கல்லைச் சுட்டு ஆக்கியது. திண்ணையும் முற்றமும் குளிர்ச்சியாக இருந்தன, அந்தக் குளிர்ச்சிக்குக் கடலடிப் பாறை விலை கொடுத்தது. அவர்களுக்குத் தெரியவில்லை. எங்களுக்குத் தெரியும்.

நானும் கை கழுவி நிற்க முடியாது. 1990-களில் ஒரு நாள், ஒரு தாழ்நிலத்தின் படத்தை ட்ரேசிங் தாளில் மையால் கீறி முடித்திருந்தேன். அளவையாளர் தன் குறிப்புப் புத்தகத்தில் 'சதுப்பு, மாரியில் நீர்' என்று எழுதியிருந்தார், ஆகவே அதற்குரிய புல் கொத்துக் குறிகளைக் கவனமாகப் போட்டிருந்தேன். மேலதிகாரி பார்த்துவிட்டு, "இது தேவையில்லை, காணிக்காரருக்குக் கரைச்சல், எடுத்துவிடும்" என்றார். அந்த நாளில் மையை அழிக்கச் சவர அலகால் தாளை மெதுவாகச் சுரண்டுவோம். ஒவ்வொரு கொத்தாகச் சுரண்டினேன், பின்னேரம் முழுக்க. தாள் அந்த இடத்தில் கொஞ்சம் மெலிந்து போனது, வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் தெரியும். அங்கே இப்போது வீடுகள் இருக்கின்றன. மழை நாளில் அந்தப் பக்கம் போவதைத் தவிர்த்துக்கொள்கிறேன். உங்கள் படத்தின் வெள்ளையைப் பார்த்ததும் எனக்கு வேறெதுவும் ஞாபகம் வரவில்லை, அந்த அலகுதான் ஞாபகம் வந்தது.

தாழ்நிலத்தில் குடியேறிய ஏழைகளைக் காட்டி, "இவர்கள்தான் நிரப்பினார்கள்" என்று நீங்கள் பதில் சொல்லக்கூடும். இந்தத் துறைமுகத்தைச் சுற்றிய மேட்டு நிலத்தில் பெரும்பகுதி பிரித்தானியக் கடற்படைக் காலத்திலிருந்து படைத்தேவைக்குப் போனது. மிச்ச இடத்தில் ஊர் வளர்ந்தது. போரில் இடம்பெயர்ந்தவர்களும் 2004 கடற்கோளில் வீடு இழந்தவர்களும் கிடைத்த இடத்தில் கொட்டில் போட்டார்கள். அவர்கள் அங்கே ஆசைப்பட்டுப் போகவில்லை. ஓலைக் கொட்டிலுக்குக் கீழே தண்ணீர் ஓடும், ஆயிரம் லோடு கிரவலுக்குக் கீழே ஓடாது. இரண்டையும் ஒரே அத்துமீறலாக எழுதாதீர்கள்.

ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், கொழும்பு 2018-இல் 'ஈரநிலப் பட்டினம்' என்ற அங்கீகாரம் பெற்றது. தலைநகரத்துச் சதுப்பு வெள்ளத்தைத் தாங்குகிறது என்று இந்த நாடு உலகத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. திருகோணமலைச் சதுப்புக்கு மட்டும் வேறு பௌதிகவியலா?

நான் கேட்பவை இவை. முதலில், நிறக்குறிப்பிலிருந்து 'வெற்றுக் காணி' என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த நிலத்தை நீர் தங்கும் வெளி என்று எழுதுங்கள், அதற்கு ஒரு நிறம் கொடுங்கள். அதன் குறுக்கே போகும் புள்ளிக்கோட்டு வீதியை இப்போதே நிறுத்திவையுங்கள். ஐப்பசி முதல் தை வரை ஒரு முழு மாரிக்கு நீர்மட்டத்தை அளந்து, அந்த அளவுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட்ட பிறகு அந்த வீதி வேண்டுமா என்று பேசலாம். அது வரைக்கும் அங்கே ஒரு டிப்பர் கிரவலுக்கும் புதிதாக அனுமதி கொடுக்காதீர்கள். அடைபட்ட மதகைத் திறப்பதற்கு எந்தக் கந்தோர் பொறுப்பு என்று எழுத்தில் சொல்லுங்கள், ஒன்று போதும், மூன்று வேண்டாம்.

படத்தைப் பெரிதாக்குங்கள். தெற்கே கந்தளாய்க் குளமும் கொட்டியாரக் குடாவும், வடக்கே நிலாவெளிக் களப்பும் புறாத்தீவும் அதில் வர வேண்டும். நகரத்துக்குள் வரும் நீரும் மணலும் எங்கிருந்து, வெளியே போகும் கழிவு எங்கே என்று அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். கடற்கரை மணல்மேட்டில் இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும் தாழையும் நிற்கும் இடங்களைத் துப்புரவு என்ற பெயரில் வழிப்பதை நிறுத்துங்கள். மேட்டைப் பிடித்துவைத்திருப்பவை அவைதான்.

தாழ்நிலத்தில் ஏற்கெனவே குடியிருக்கும் சிறிய வீட்டுக்காரரை மாற்று மேட்டுக் காணி கையில் கொடுக்காமல் எழுப்பாதீர்கள். திட்டக் குழுவில் கரைவலைக்காரர் ஒருவரையும், மட்டி எடுக்கும் பெண் ஒருவரையும், தம்பலகாமத்து விவசாயி ஒருவரையும் உட்காரவையுங்கள், சாட்சிக்கு அல்ல, கையெழுத்துப் போடும் உரிமையோடு.

கடைசியாக, ஆட்சேபம் தெரிவிக்க நீங்கள் கொடுத்த கால எல்லை மாரி தொடங்குவதற்கு முன்னாலேயே முடிகிறது. அதைத் தை மாதம் வரை நீட்டுங்கள். விசாரணைக் கூட்டத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் நடத்துங்கள். ஒரு கூட்டத்தையாவது கார்த்திகையில், இரண்டு நாள் மழைக்குப் பிறகு, எங்கள் ஒழுங்கையின் மதகடியில் வையுங்கள். நாற்காலி நாங்கள் போடுவோம். சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் வர வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படவரைஞர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை